ஒன்று ஐம்பது

கீழ்க்கோத்தகிரி பஸ்ஸில்
மடியில் லேப்டாப், காலடியில் யாரோ ஏற்றிய காரட் மூட்டை.
இறங்கியதும் முதலில் வந்தது வாடும் இலையின் மணம்.
தொழிற்சாலை அதற்குப் பிறகுதான்
மூடுபனிக்குள்ளிருந்து வந்தது.

“வைரஸ்தான்” என்றார் மேலாளர் குரியன்.
“சில நாள் காலைல ரிப்போர்ட் இருக்கு,
சில நாள் வெறும் தாள்.
முதலாளி கோயமுத்தூர்ல ஆறு மணிக்கே போனை எடுத்துடறார்.”

எடைமேடைக்குப் பக்கத்து அறை.
கீபோர்டு முழுக்கத் தேயிலைத் தூசு,
எஃப்புக்கும் ஜிக்கும் நடுவில் ஒரு செத்த எறும்பு.
வைரஸ் இல்லை.
இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

உள்ளே இருப்பவர்கள் இருவர் என்றது திரை.
ஒருவர் குரியன்.
மற்றவர் பெள்ளிராஜ்.

“அவன் வேலைய விட்டு எட்டு மாசமாச்சே!”
வேலையை விட்டார் சார், வெளியேறவில்லை.
‘பயனரை மாற்று’ என்று அழுத்திவிட்டு
எழுந்து போயிருக்கிறார்.
நீங்கள் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்,
யூபிஎஸ்ஸும் நல்ல யூபிஎஸ்.
எட்டு மாசமாய் இது அணையவே இல்லை.

வேலை அட்டவணையைத் திறந்தேன்.
இரவு இரண்டு மணிக்குக் குரியன் பெயரில் ஒன்று.
அதே இரண்டு மணிக்குப் பெள்ளிராஜ் பெயரில் ஒன்று.
இரண்டுக்கும் ஒரே கோப்பு.
முந்துகிறவர் திறக்கிறார். பிந்துகிறவருக்கு
‘வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்’ என்ற பதில்.
தேயிலைச் சந்தில் காட்டெருமை நின்றால்
வந்த வழியே திரும்புவதில்லையா, அப்படி.

“முந்தி மூணு மணிக்கு வச்சிருந்தேன்.
சீக்கிரம் வேணும்னாரு, போன மாசம்தான் மாத்தினேன்.”
டீ சொல்லப் போனார்.

இரண்டையும் படித்தேன்.
குரியனுடையது நான்கு வரி:
ஒவ்வோர் எடையிலும் நூற்றுக்கு மூன்று கழி,
காரணம் என்ற கட்டத்தில் ‘மழை’ என்று நிரப்பு.
நனைந்த இலைக்கு நீர்க்கழிவு உண்டு, ஊரறிந்த கணக்கு.
‘மழை பெய்திருந்தால்’ என்று மட்டும் எந்த வரியிலும் இல்லை.
மாசியில் மழை. பங்குனியில்
புல் கருகிய நாளிலும் மழை.

பெள்ளிராஜுடையது ஒரே வரி.
கழிப்பதற்கு முந்தைய எடையை நகலெடு,
தேதி போட்டு ‘வெயில்’ என்ற ஃபோல்டரில் வை.
கெப்பியம்மா நாற்பத்தொன்று.
தேவசகாயம் பதினெட்டரை.
காளி இருபத்தேழு.
ஆள் போன பிறகும் ராத்திரி தவறாமல்,
போன மாசம் வரை.

டீயோடு திரும்பியவர் சொன்னார்:
“அந்தப் பேர எடுத்துடுங்க.
ரெண்டு பேர் இருக்கறதாலதானே சண்டை?”

எடுத்தேன். பெயர், கடவுச்சொல்,
திரையில் வைத்திருந்த ரங்கசாமி சிகரம், எல்லாம்.

சிஸ்டம் என்றொரு கணக்கு உண்டு இதற்குள்.
அதற்குக் கடவுச்சொல் இல்லை, சம்பளம் இல்லை,
ராஜினாமாவும் இல்லை.
யாரும் உள்ளே வராத இரவிலும் வேலை செய்யும்.
அந்த ஒற்றை வரியை அதன் பெயரில் எழுதினேன்.

நான் நியாயம் கேட்க வந்தவள் அல்ல,
அறுநூறு ரூபாய்க்கு வந்தவள்.
பழுது: இரண்டு வேலை, ஒரே நேரம்.
ஒன்றைப் பத்து நிமிஷம் முன்னால் நகர்த்தினேன்,
அவ்வளவுதான்.
ஓட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் விளைவு: சைபர்.
இந்த இடத்தில் சைபர் என்றால்
குறையொன்றும் இல்லை என்று அர்த்தம்.

பில்லில் எழுதினேன்: ‘பயனர் மோதல் நீக்கம். நேர மாற்றம்.’
குரியன் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
வெளியே எடைமேடையில் ரெஜினா ஒரு சாக்கை ஏற்றி
“இருபத்தி நாலு” என்று கத்தினாள்.
யாருக்குக் கத்தினாளோ, எனக்குக் கேட்டது.

அன்றிரவு குன்னூரில்
அலாரம் வைக்காமலே ஒன்று ஐம்பதுக்கு விழிப்பு வந்தது.
பத்து நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
இரண்டடித்த பிறகு
தகரத்தில் முதல் சொட்டு, பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை.
நிஜ மழை.
கோத்தகிரிப் பக்கமும் பெய்தால்
நாளைய கழிவு ஒரு நாளாவது நியாயமாக இருக்கும்.